ரோலர் நின்ற பிறகும் பாடிய நால்வர்

அந்த நான்கு பேரையும் நான் முதன்முதலில் நேரில் பார்த்தபோது அவர்களில் மூன்று பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலை ஆலையின் வாசலில் வேன் வந்து நின்றதும் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் ஓடி, செடிகளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வளைவுகள் புதிதாக வருகிறவர்கள் யாரையும் விட்டுவைப்பதில்லை. நாலாவது பெண் மட்டும் வேனின் படியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நால்வரில் உருவத்தில் சிறியவள். டிவி தொடரிலும் அவளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பக்கத்தில் நின்ற என் தோழி என் கையைக் கிள்ளினாள். "அவுகதான்டி. நெசமாவே அவுகதான்."

அப்போது எங்கள் இருவருக்கும் பதினான்கு வயது. அந்த நால்வருக்கும் ஏறக்குறைய எங்கள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர்களும் எங்களைப்போல வயிறு குமட்டி, மூக்கு சிவந்து, குளிரில் நடுங்குகிறவர்கள் என்பது அந்த நிமிடம் வரைக்கும் என் புத்திக்கு எட்டவேயில்லை.

அந்தத் தொடர் வாரத்தில் ஐந்து நாள், மாலையில் வந்தது. நகரத்துப் பள்ளி ஒன்றில் படிக்கும் நான்கு மாணவிகள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பிப்பார்கள். தலைமையாசிரியைக்குப் பிடிக்காது. வீட்டிலும் பிடிக்காது. ஒளிந்து ஒளிந்து பழகிப் போட்டிகளுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதுப் பாட்டு உண்டு. முதலில் அது வெறும் கதைதான். பாட்டுகள் கேசட்டாக வந்து கோத்தகிரிச் சந்தையில்கூட விற்க ஆரம்பித்த பிறகு, கதைக்குள் இருந்த குழு கதைக்கு வெளியேயும் வந்துவிட்டது. பத்திரிகை அட்டையில் வந்தார்கள். துணிக்கடை திறந்து வைத்தார்கள். எங்கள் பள்ளியில் பெண்கள் நான்கு நான்கு பேராகப் பிரிந்துகொண்டு, நீ தலைவி, நீ கண்ணாடிக்காரி, நீ சுருட்டைமுடி, நீ குட்டி என்று பங்கு போட்டுக்கொண்டோம். நான் எப்போதும் கண்ணாடிக்காரி. கண்ணாடி போட்டிருந்ததுதான் காரணம்.

நாங்கள் இருந்தது அரவேணுவுக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒற்றை அறை வரிசை வீடுகளில். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. தோழியின் மாமா திருப்பூரிலிருந்து கொண்டுவந்து வைத்த சின்னக் கலர் டிவி அவள் வீட்டில் இருந்தது. பாட்டு வரும் வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒற்றை அறைக்குள் இருபது பேர் உட்கார்ந்திருப்போம். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் தனி.

அது தேயிலை விலை படுத்துப்போயிருந்த காலம். ஏலத்தில் தூளை எடுக்க ஆளில்லை என்று சொன்னார்கள். முதலில் கொழுந்து எடுக்கும் வேலை வாரத்தில் இரண்டு நாளானது. அப்புறம் அதுவும் நின்றது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஆலையின் சங்கு ஊதவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். எட்டிப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை வாசலில் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. அப்படித்தான் யார் யார் போய்விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்பா போகவில்லை. இளம் வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். இங்கே வந்த நாள்முதல் ஆலையில் ரோலர் பகுதியில்தான் வேலை. வாட்டிய இலையை முறுக்கிப் பிழியும் அந்தப் பெரிய வட்ட இயந்திரம் அவருக்குக் கை கால் மாதிரி. ஆலையை மூடியபோது சாவியை அவரிடம் கொடுத்துக் காவலுக்கு இருக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் போய்த் திறப்பார். யாரும் சொல்லாமலேயே இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவார், தூசி தட்டுவார், பூட்டிவிட்டு வருவார். வீட்டில் பேச்சு ரொம்பவும் குறைந்துபோயிருந்தது.

"ஓடாத மிசினுக்கு எதுக்கு எண்ண?" என்று அம்மா கேட்பாள்.

"துருப்புடிக்கும்ல" என்பார். அவ்வளவுதான்.

தொடரின் கதையில் அந்த நால்வரும் ஒரு போட்டிக்காக மலைக்கு வருகிறார்கள். மழையில் வழி தவறி, பூட்டிக் கிடக்கும் தேயிலை ஆலை ஒன்றில் ஒதுங்கி, அங்கேயே பாடிப் பழகுகிறார்கள். அதைப் படம் பிடிக்கத்தான் எங்கள் ஆலைக்கு வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முன்கூட்டியே வந்து கம்பெனியில் அனுமதி வாங்கிவிட்டு, லயத்துக்கு வந்து அப்பாவைத் தேடினார்.

"ஏனுங்க, நீங்கதான் சாவி வச்சிருக்கறவருங்களா? ரெண்டு நாளைக்கு டிவி சூட்டிங்குங்க. அந்தப் பாட்டுப் பாடற புள்ளைங்க வருதுங்க."

அப்பா தலையாட்டினார். தோழி வீட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கேட்டது. கத்தியது அவள்தான்.

வந்திறங்கிய அன்று காலை இயக்குநர் ஆலைக்குள் நடந்து பார்த்தார். தொப்பி வைத்த, மெல்லிய மனிதர். ரோலருக்கு முன்னால் நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்குமேல் நிற்கும் பித்தளைத் தட்டும் உருளையும், அதைச் சுற்றித் தூக்கிப் பிடித்திருக்கும் மூன்று கைகளும். சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஓடுமா?" என்றார் அப்பாவிடம்.

"ஓடுமுங்க. கரண்டுதான் இல்ல."

"எங்ககிட்ட ஜெனரேட்டர் வண்டி இருக்கு. பாட்டுக்குப் பின்னால இது சுத்தணும். சுத்துமா?"

அப்பா தட்டின் விளிம்பைத் துண்டால் துடைத்தார். பிறகு சொன்னார்: "சும்மா வெறுமனே ஓட்டக்கூடாதுங்க. எல போடணும். எல இல்லாம ஓட்டுனா தேயும்."

"இலைதானே? வெளிய மலை முழுக்க இருக்கே. பறிச்சுப் போடுங்க."

அப்பா சிரித்தார். ஆலை மூடிய பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்படியில்லீங்க. இன்னைக்குப் பறிச்சா இன்னைக்குப் போட முடியாது. மேல மாடியில பரப்பி வாட்டணும். நாளைக்கு மத்தியானந்தான் போடலாம். போட்டா அதோட விட்டுறவும் முடியாது. புளிக்க வைக்கணும், காய வைக்கணும். பாதியில விட்டா அழுகிப்போகும்."

இயக்குநர் அவரையே பார்த்தார். "சரி. நாளைக்கு மத்தியானமே எடுக்கலாம். நீங்க சொல்றபடியே முழுசாப் பண்ணுங்க."

அந்தச் செய்தி லயத்துக்குள் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் அம்மாவும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் கூடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மாதக்கணக்கில் கைபடாத செடிகள் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்து நின்றன. முற்றிய இலைகளை ஒதுக்கி, உச்சியில் இருந்த இளங்கொழுந்தை மட்டும் தேடித் தேடி எடுத்தார்கள். வழக்கமாக ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டே எடுப்பவர்கள் அன்றைக்கு ஏனோ பேசவில்லை. இலை ஒடியும் சத்தம் மட்டும் மலைச்சரிவில் கேட்டுக்கொண்டிருந்தது. கேமராக்காரர் அதையும் படம் எடுத்தார்.

எங்களுக்கும் வேலை கிடைத்தது. பாட்டின்போது ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் எஸ்டேட் பிள்ளைகளாக என்னையும் தோழியையும் இன்னும் சிலரையும் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை பார்க்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று பிற்பகல், இலை மாடியில் வாடிக்கொண்டிருந்த நேரத்தில், தோழி தன் கேசட்டை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நால்வரும் ஆலையின் பின்பக்கம், வெயில் விழும் இடத்தில், ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாந்தி எல்லாம் நின்று முகம் தெளிந்திருந்தது. கேசட்டின் அட்டையை நீட்டினாள். தலைவி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள்.

"அக்கா, அந்த மூணாவது பாட்டு ரெண்டு வரி பாடுங்களேன்" என்றாள் தோழி.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவிதான் பேசினாள். குரலில் ஒளிவு எதுவும் இல்லை. "நாங்க பாடறதில்லம்மா. வாய்தான் அசைப்போம். பாடறது வேற ஆளுங்க."

"வேற ஆளுன்னா?"

"சினிமாவுல பாடறாங்கள்ல, அந்த மாதிரி. ஸ்டூடியோவுல பாடி வச்சிருவாங்க. எங்களை நடிக்கத்தான் எடுத்தாங்க. அஞ்சாறு ஸ்கூலுக்குப் போய் மூஞ்சி பாத்து எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எங்க நாலு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியக்கூடத் தெரியாது."

தோழி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "அப்ப அக்கா, இதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்கணும்?"

கேலிக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுருட்டைமுடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். குட்டி மட்டும் சொன்னாள்: "எனக்கும் தெரியல. நான் அவங்களப் பாத்ததே இல்ல."

திரும்பி வரும்போது தோழி அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சின்ன அறையில் இருபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்ட குரல்களுக்கு முகம் கிடையாது, அந்த முகங்களுக்குக் குரல் கிடையாது. சினிமாவில் அப்படித்தான் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் சினிமா இல்லையே, பாட்டுக் குழு ஆயிற்றே என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் அப்பா மாடிக்குப் போய் வாடிய இலையில் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார். கையை விரித்ததும் இலை மெல்ல மெல்லத் தானாகவே விரிந்தது. "ஆச்சு" என்றார். மாடியிலிருந்து இலையைக் கீழே கொட்டி ரோலரை நிரப்பினார்கள். வெளியே நின்ற ஜெனரேட்டர் வண்டியிலிருந்து கைப்பருமன் வயர் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. இரண்டு மூன்று பேர் விளக்குகளைத் திருப்பினார்கள். அந்தக் கூடத்தை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கூரையில் தேயிலைத் தூசி படிந்து தொங்கிய சிலந்தி வலைகள்கூடத் தங்கக் கம்பியாக மின்னின.

அப்பா சுவிட்சைப் போட்டார்.

முதலில் ஒரு முனகல். பிறகு அந்தப் பெரிய உருளை தயங்கித் தயங்கி ஒரு சுற்று வந்தது. பிறகு இன்னொரு சுற்று. பிறகு தரை அதிர ஆரம்பித்தது. என் உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, பல்லில் வந்து நின்றது அந்த அதிர்வு. சின்ன வயதிலிருந்து லயத்தில் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து கேட்ட சத்தம்தான். பக்கத்தில் நின்று கேட்டதில்லை. அது நின்றுபோன பிறகுதான், அப்படி ஒரு சத்தம் எங்கள் நாட்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. சுவரோரமாக நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாட்டைப் போட்டார்கள். ஸ்பீக்கர் பெரியதுதான். ஆனால் ரோலர் சத்தத்தில் அது கொசுவின் ரீங்காரம்போல எங்கேயோ கேட்டது. நால்வருக்கும் தாளம் பிடிபடவில்லை. ஒருத்தி வாய் அசைத்து முடிக்கும்போது இன்னொருத்தி ஆரம்பித்தாள். "கட்" என்று இயக்குநர் கையைக் காட்டினார். மறுபடியும். மறுபடியும் கட். ஸ்பீக்கரை ஒட்டி ஒரு ஆளை நிறுத்தித் துணியை ஆட்டித் தாளம் காட்டச் சொன்னார். அதுவும் சரிப்படவில்லை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்கலாமா என்று கேட்டார்கள். அப்பா கையை விரித்தார். "எல உள்ள போயிருச்சுங்க. இப்ப நிறுத்துனா கெட்டுரும்."

அப்போது குட்டி இயக்குநரின் காதருகே போய்க் கத்தினாள். நாங்கள் மிகவும் பக்கத்தில் நின்றதால் எங்களுக்கும் கேட்டது. "அண்ணா, நான் சத்தமாப் பாடறேன். இவங்க என் வாயைப் பாத்துக்கிட்டா போதும்."

"பாடு, என்ன வேணா பண்ணு. சத்தம் எதுவும் பதிவாகப் போறதில்ல" என்று அவரும் கத்தினார்.

அவள் பாட ஆரம்பித்தாள்.

அவள் குரல் கேசட்டில் இருந்த குரல் இல்லை. அது தேன் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். இவளுடையது கொஞ்சம் கரகரப்பு. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டை முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கும் பிள்ளையின் குரல் மாதிரி நேராக வந்தது. ரோலரின் சுற்றையே தாளமாக எடுத்துக்கொண்டாள். மற்ற மூவரும் முதலில் அவள் வாயைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார்கள். பிறகு தலைவி மெல்லக் குரலைச் சேர்த்தாள். யாருக்கும் கேட்காது என்ற தைரியமாக இருக்கும். அடுத்து சுருட்டைமுடிக்காரி. அவள் குரல் சுருதியில் நிற்கவில்லை. மேலே போனாள், கீழே வந்தாள், கண்ணை மூடினாள், பிடித்துவிட்டாள். கண்ணாடிக்காரி கடைசியாகச் சேர்ந்தாள். அவளுக்கு யாரும் எதிர்பார்க்காத கனத்த குரல். கேமரா நகர்ந்துகொண்டேயிருந்தது. நால்வரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திப் பாடினார்கள். எனக்கும் தோழிக்கும் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

அப்பா கேமராவைப் பார்க்கவேயில்லை. அவர் கவனம் முழுக்க இலையில் இருந்தது. நேரம் வந்ததும், தன் வழக்கப்படி, சுவிட்சை அணைத்தார்.

உருளை சத்தம் தேய்ந்து இரண்டு சுற்று சுற்றி நின்றது. தரையின் அதிர்வு அடங்கியது. அந்த நால்வரும் நிற்கவில்லை. ரோலர் நின்றது அவர்களுக்குத் தெரியவேயில்லை. இயந்திரத்தோடு மல்லுக்கட்டியே பழகிவிட்ட தொண்டையோடு, முழுக் குரலில் பாடிக்கொண்டேயிருந்தார்கள். கேசட் முடிந்துபோய் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. மொத்தக் கூடத்திலும் அந்த நான்கு குரல்கள் மட்டும்.

நான் எப்படிச் சொல்வது? அந்தக் கூடத்துத் தகரக் கூரை ரொம்ப உயரம். குரல்கள் அங்கே போய் முட்டிக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தன. திரும்பி வந்ததன்மேல் அடுத்த வரி போய் உட்கார்ந்தது. நான்கு பேர் பாடுவது நாற்பது பேர் பாடுவதுபோல் ஆனது. குட்டியின் கரகரப்பும் கண்ணாடிக்காரியின் கனமும் மற்ற இரண்டும் தனித்தனியாகக் கேட்டன, சேர்ந்தும் கேட்டன. தோழி என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது மறுநாள்தான் தெரிந்தது.

ஒரு வரியின் நடுவில்தான் அவர்களுக்குத் தங்கள் குரல் கேட்டது. தலைவியின் கண்கள் விரிந்தன. நால்வரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குட்டி ஒரு அடி முன்னால் வந்தாள். மற்றவர்கள் அவளை ஒட்டி நெருங்கினார்கள். பாட்டைக் கடைசி வரி வரைக்கும் கொண்டுபோய் முடித்தார்கள். ஒரு வருஷமாக நாடெல்லாம் குழு குழு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் கண்ணால் பார்த்தவரைக்கும் அந்தக் குழு பிறந்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.

யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. வெளியே ஜெனரேட்டர் உறுமுவது மட்டும் கேட்டது. இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு, மெதுவாக, ஒலிப்பதிவு செய்பவரைப் பார்த்துக் கேட்டார்: "எடுத்தியா?"

"மைக்கே போடலையேண்ணா" என்றார் அவர்.

அப்பா ரோலரின் கீழ்க்கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். முறுக்கிய இலையை உடனே இறக்க வேண்டும். அவர் அதை மறந்து நான் பார்த்ததில்லை. "ஏங்க, எல" என்று அம்மா சுவரோரத்திலிருந்து கூப்பிட்ட பிறகுதான் அசைந்தார்.

அந்தப் பாட்டை அவர்கள் மறுபடியும் பாடவில்லை. மீதிக் காட்சிகளை இயந்திரம் ஓடாமல், ஸ்பீக்கரில் கேசட்டைப் போட்டு எடுத்தார்கள். நால்வரும் நேரத்துக்குச் சரியாக வாயை அசைத்தார்கள். ஆனால் இடைவேளைகளில் போய்ப் பார்த்தால், பின்பக்கத்து வெயிலில் உட்கார்ந்து நால்வரும் தாழ்ந்த குரலில் எதையாவது பாடிக்கொண்டிருந்தார்கள்.

இலை சிமெண்டுத் தரையில் பரப்பப்பட்டுச் செம்பு நிறமாக மாறியது. மாலையில் அப்பா உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் விறகைப் போட்டு மூட்டினார். அப்போது அந்த வாசனை கிளம்பியது. சூடான தேயிலையின் வாசனை ஆலையை விட்டு வெளியேறி, பனியோடு கலந்து, லயத்துக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவர்கள்கூட வந்தார்கள். வயதான ஒருவர், முன்பு உலர்த்தும் பகுதியில் அப்பாவோடு வேலை செய்தவர், வேலைக்குப் போடும் காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். இலங்கையில் இருந்தவர்கள் ஆலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.

"ஸ்டோரு தொறந்துட்டானுகளாப்பா?"

அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், உலர்ந்து விழும் தூளை உள்ளங்கையில் அள்ளி வைத்தார். பெரியவர் முகர்ந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். விளக்குகளையும் கேமராவையும் பார்த்தார். புரிந்துகொண்டார். ஆனாலும் போகவில்லை. கடைசிவரை அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தூளில் அம்மா தேநீர் போட்டாள். நால்வரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். சுருட்டைமுடிக்காரி கசப்பு என்று முகத்தைச் சுளித்தாள். குட்டி இன்னொரு டம்ளர் கேட்டாள். தோழி கிட்டே போய் நின்றாள்.

"அக்கா, நீங்க நல்லாப் பாடுறீங்க."

குட்டி டம்ளருக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி டிவியில் வந்தது. லயமே தோழி வீட்டில் திரண்டிருந்தது. எங்கள் ஆலை அரண்மனை மாதிரி இருந்தது. ரோலர் சத்தமில்லாமல் சுற்றியது. அப்பாவின் ஒரு கை தெரிந்தது. நாங்கள் நின்ற இடம் இருட்டாகப் போய்விட்டது. பாட்டு கேசட்டுக் குரலில், தேனாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தோழியும் தட்டவில்லை. "இது அது இல்ல" என்று அவள் என் காதில் சொன்னாள்.

அந்த மே மாதம் ஊட்டியில் கோடை விழாவுக்கு அவர்கள் பாட வருகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. மத்தியான நிகழ்ச்சி. அப்பாவும் அதற்குள் திருப்பூருக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அம்மா என்னையும் தோழியையும் கூட்டிக்கொண்டு போனாள். தான் வருவது எங்களுக்குத் துணைக்காகத்தான் என்று இரண்டு தடவை சொன்னாள்.

கூட்டம் சொல்லி முடியாது. நால்வரும் ஒரே நிறச் சட்டையில் மேடைக்கு வந்தார்கள். முதல் இரண்டு பாட்டு கேசட். நன்றாக ஆடினார்கள், கூட்டம் கூடவே ஆடியது. அப்புறம் தலைவி மைக்கைப் பிடித்து, அடுத்த பாட்டைக் கேசட் இல்லாமல் தாங்களே பாடப்போவதாகச் சொன்னாள். பின்னால் ஒரே ஒரு கிடார்.

குட்டி ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர்களுக்குத் தெரிந்த குரல் இது இல்லை. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். "டேப்பப் போடு" என்று ஒரு குரல். இரண்டாவது அடியில் சுருட்டைமுடிக்காரி வரியை மறந்து நின்றாள். கண்ணாடிக்காரி அவள் பக்கம் திரும்பி, அந்தக் கனத்த குரலில் வரியை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்டத்தை அடக்கியது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. தகரக் கூரை கிடையாது, எதிரொலி கிடையாது, குரல்கள் திறந்த மைதானத்தில் மெலிந்துதான் கேட்டன. ஆனாலும் அவ்வளவு ஜனமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அம்மா கால்விரல் நுனியில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதற்குமேல் அதிகமில்லை. அந்த வருஷக் கடைசியில் தொடர் முடிந்தது. அதற்குப் பிறகும் சில மாதம் அங்கங்கே பாடினார்கள் என்று கேள்விப்பட்டேன், சொந்தக் குரலில்தானாம். கேசட் ஒன்றும் வரவில்லை. சுருட்டைமுடிக்காரியை ஒரு சோப்பு விளம்பரத்தில் பார்த்தேன். மற்ற மூவரும் எங்கே, என்ன செய்கிறார்கள், தெரியாது. எங்கள் ஆலை வேறு கைக்கு மாறித் திறக்கும்போது நாங்கள் குடும்பத்தோடு திருப்பூரில் இருந்தோம். அப்பா பனியன் கம்பெனி ஒன்றில் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தோழி கோத்தகிரியிலேயே ஆசிரியை ஆகிவிட்டாள்.

அன்றைக்கு ஊட்டியிலிருந்து திரும்பும்போது கோத்தகிரி வண்டியில் இடம் கிடைக்கவில்லை. மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தொட்டபெட்டாவைத் தாண்டும்வரை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் வேலை செய்யும்போதுகூட முணுமுணுத்துப் பாடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பாட்டே வராது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"ஏ புள்ள" என்றாள் திடீரென்று. "அந்தக் குட்டி பாடுச்சே, அது எப்படி ஆரம்பிக்கும்?"

நான் அவள் காதில் முதல் வரியைச் சொன்னேன். "பேசாத, பாடு" என்றாள்.

பாடினேன். தோழியும் சேர்ந்துகொண்டாள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வரியில் அம்மா சேர்ந்தாள். சுருதி எங்கேயோ போனது, வார்த்தை எல்லாம் தப்பு. வளைவில் பஸ் சாய்ந்தபோது மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். அம்மா நிறுத்தவில்லை.